இடது காது

2020 ஏப்ரல். ஊரடங்கில் பஸ் ஓடவில்லை. அரசு ஆஸ்பத்திரி கேசுவாலிட்டி முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி. கொரோனாவுக்காக வார்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தப் பெண்ணை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புருஷனே கொண்டுவந்து இறக்கினான்.

மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. வெள்ளை விழியில் சிவப்புப் புள்ளிகள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்." குரல் கரகரத்தது. விழுந்தவளுக்குக் குரல் ஏன் கம்ம வேண்டும்? மாஸ்க்கை இறக்கினேன். இடது கன்னத்தில் நாலு விரல் தடம், ஓரம் கருநீலமாய். கழுத்தில் நகக் கீறல்கள். அவள் நகம்தான், பிடியை விலக்கப் போராடியிருக்கிறாள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வு கிழிந்திருந்தது. தானாக ஆறாவிட்டால் ஆபரேஷன் என்றார். அவசரமில்லாத ஆபரேஷன்களை அப்போது நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த ஓட்டை இன்னும் மூடவில்லை. சளி பிடித்தால் சீழ் வடிகிறது. மிக்சி சத்தத்துக்கே அவளுக்குக் கை நடுங்குகிறது, ராத்திரியில் தூக்கமில்லை. மேலுக்கு ஒரு காயமும் தெரியாததால், "நல்லாத்தானே இருக்கா, ஏன் வாழாம வந்துட்டா?" என்கிறது ஊர்.

அன்று மாத்திரை வாங்கப் புருஷனை அனுப்பிவிட்டு அவளிடம் அவசரமாகக் கேட்டேன். கழுத்தைப் பிடிச்சானா? தலையசைத்தாள். மாசமா இருக்கியா? நாள் தள்ளிப் போயிருக்கு. பெண்கள் ஹெல்ப்லைன் 181-க்குக் கூப்பிடலாமா? "போன் அவருகிட்ட இருக்குக்கா." அம்மா வீடு அடுத்த மாவட்டம், பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது, பேச்சை நிறுத்திவிட்டாள்.

அடி உதையெல்லாம் குடியால் வருவது என்று என்னிடம் யாராவது சொன்னால் அவன் முகம்தான் நினைவுக்கு வருகிறது. மார்ச் 24 மாலை மூடிய டாஸ்மாக் மே 7-ல்தான் திறந்தது. அவன் மேல் துளி வாடை இல்லை. நிதானமாக இருந்துதான் கழுத்தை நெரித்திருக்கிறான்.

அடுத்த முறை ரத்தப்போக்கோடு வந்தாள். கரு தங்கவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து, அம்மாவோடு வந்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டாள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறாளாம். வலது காதை என் பக்கம் திருப்பி, "வழுக்கி விழுந்தேன்னுதானே அன்னிக்குச் சொன்னேன்? அதைத்தானே எழுதியிருப்பாங்க?" என்றாள்.

அதுவும் இருந்தது. அதன் கீழே விரல் தடம், அதன் நிறம், கழுத்துக் கீறல், கண்ணில் ரத்தப் புள்ளி, கிழிந்த சவ்வு என்று டாக்டர் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"இதை வக்கீல்கிட்ட குடும்மா. விழுந்தா கழுத்துல இப்படி வராதுன்னு டாக்டரையே கோர்ட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லு."