புதுசு என்றால் சுத்தமா?

புது மண்சட்டி வாங்கிய அன்றைக்கே அதில் மீன் குழம்பு வைப்பவர்கள் யாராவது உண்டா? சான்ஸே இல்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விட்டு, இரண்டு மூன்று நாள் 'பழக்கி'ய பிறகுதான் சட்டி சமையலுக்கு வரும். தோசைக்கல்லும் அப்படித்தான். புதுசாக இருப்பது வேறு, வேலைக்குத் தயாராக இருப்பது வேறு என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் மூச்சுக்குள்ளே போகிற சாமான் என்றால் மட்டும் இந்த அறிவு எங்கே போகிறதோ!

திண்டிவனத்தில் ஒரு குடும்பம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆறு வயது மகளுக்கு வீசிங். மார்கழிப் பனி ஆரம்பித்தால் ராத்திரியெல்லாம் இருமல், நெஞ்சில் விசில் சத்தம். விழுப்புரத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் எழுதிக் கொடுத்தார்.

ஸ்பேசர் என்பது குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒரு முனையில் இன்ஹேலரைச் செருக வேண்டும், மறுமுனையில் மாஸ்க். இன்ஹேலரை அழுத்துகிற அதே நொடியில் மூச்சை இழுக்கக் குழந்தைக்கு வராது இல்லையா? அதனால் மருந்து முதலில் டப்பாவுக்குள் நிற்கும். குழந்தை நிதானமாக நாலைந்து மூச்சில் இழுத்துக்கொள்ளும். ரொம்ப எளிமையான ஏற்பாடு.

விழுப்புரத்திலேயே ஒரு மெடிக்கலில் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த இங்கிலீஷ் பேப்பர் நேராகக் குப்பைக்குப் போனது. ஆயா மட்டும் சும்மா விடவில்லை. "புதுசுடா, தூசி கீசி இருக்கும்" என்று முந்தானையால் உள்ளேயும் வெளியேயும் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார். பாசம்தான். ஆனால் கோளாறே அங்கேதான்!

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டு போகிற விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான். புது பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே நிலைமின்சாரம் இருக்கும். துணியால் தேய்த்தால் இன்னும் ஏறும். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய மருந்துத் துளியின் அளவு சுமார் 1 முதல் 5 மைக்ரான். அவ்வளவு பொடிசானது, காகிதத் துணுக்கு சீப்பில் ஒட்டுவது போல டப்பாவின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய மருந்து பிளாஸ்டிக்குக்கு, வெறும் காற்று குழந்தைக்கு.

நாலு நாள் ஆகியும் விசில் சத்தம் குறையவில்லை. அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. டாக்டர் மேல் சந்தேகம், மருந்து மேல் சந்தேகம். மறுபடியும் விழுப்புரம். அங்கே ஒரு நர்ஸ் ஸ்பேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மொதல்ல இதக் கழுவினீங்களாண்ணா?"

"இல்லம்மா. நல்லா தொடச்சிட்டோம்."

"ஐயோ, தொடைக்கவே கூடாதுண்ணா. இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

அவர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். பாகங்களைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் கலந்து முக்கி எடுக்க வேண்டும். வாய் படும் பகுதியை மட்டும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். டப்பாவின் உள்ளே மெல்லிசாகப் படியும் சோப்புத் தன்மைதான் நிலைமின்சாரத்தை அடக்குகிறது. பிறகு துணி போடாமல், வெயிலில் வைக்காமல், தானாகக் காய விட வேண்டும். அவசரத்தில் மட்டும் இதெல்லாம் கிடையாது. குழந்தை மூச்சுத் திணறும்போது கழுவிக் காயவைத்துக்கொண்டு உட்காராமல், இருக்கிறபடியே மருந்தைக் கொடுத்துவிட்டு 108க்கு போன் செய்ய வேண்டும்.

இன்ஹேலருக்கும் ஒரு 'பழக்கல்' உண்டு. புதுசைக் குலுக்கி, பேப்பரில் சொல்லியிருக்கிறபடி 2 முதல் 4 முறை காற்றில் அடித்துவிட வேண்டும். முதல் அடிகளில் மருந்து சரியான அளவில் வராது. நெபுலைசர் என்றால் மருந்துக் கப், மாஸ்க் இரண்டையும் முதல் நாளே கழுவி உலர்த்த வேண்டும். ட்யூபைக் கழுவக் கூடாது, உள்ளே ஈரம் தங்கிவிடும். மருந்தோடு குழாய்த் தண்ணீரைக் கலப்பது கூடவே கூடாது.

"அப்போ புது வேப்பை எப்படிக் கழுவுவது?" என்று கேட்கும் காலேஜ் பையன்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2018லேயே தடை. 2019ல் நாடு முழுவதற்கும் சட்டமே வந்துவிட்டது. விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என்ன கழுவினாலும் நிகோட்டின் போகாது தம்பி!

திண்டிவனத்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்பேசருக்குக் குளியல். சமையலறை ஜன்னல் ஓரம், ஆயாவின் மீன் சட்டிக்குப் பக்கத்தில் அது கவிழ்ந்து கிடக்கும். பேத்தி ராத்திரியில் தூங்குகிறாள். யாராவது துணியோடு அந்தப் பக்கம் போனால் ஆயாவிடம் செம திட்டு விழும்.

"கைய எடு. அது தானா காயணும்."