எட்டு மைல் தூரம்

அமெரிக்கா போய் வருகிறவர்கள் நியூயார்க் பார்ப்பார்கள், நயாகரா பார்ப்பார்கள், இரண்டுக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நான் புல்மனுக்குப் போய் வந்தேன் என்றதும், "அப்படி ஓர் ஊரா? அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. அன்புள்ள வாசகர்களே, அங்கே என் தங்கை மகன் ரகு இருக்கிறான். விவசாய விஞ்ஞானம் படிக்கிறான்.

"சியாட்டில் வரைக்கும் வந்துட்டு இங்கே எட்டிப் பார்க்காம போனீங்கன்னா, அம்மா உங்களோட பேசவே மாட்டா, மாமா" என்று டெலிபோனில் மிரட்டினான். தங்கையின் கோபத்துக்குப் பயந்து, 2023 செப்டம்பர் 22-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டேன்.

சியாட்டிலிலிருந்து ஏறக்குறைய 285 மைல். காஸ்கேட் மலைகளைத் தாண்டும் வரையில் ஒரே பச்சை. தாண்டியதும் வறண்ட பூமி. கொலம்பியா நதியையும் கடந்து வெகு தூரம் போன பிறகு, பலூஸ் என்னும் பிரதேசம் வருகிறது. கடலில் அலை எழும்பும் சமயத்தில் யாரோ "நில்!" என்று அதட்டி நிறுத்திவிட்டாற்போல, கண்ணுக்கெட்டிய மட்டும் மேடும் பள்ளமுமாக மண் அலைகள். காற்று யுகயுகமாக வாரிக்கொண்டு வந்து குவித்த நுண்மண்ணாம். கோதுமை அறுவடை முடிந்து, தாள் நின்ற வயல்கள் மாலை வெயிலில் பொன்னாக மின்னின.

கோதுமை மட்டுமல்ல, பட்டாணி, கொண்டைக்கடலை, நம் மைசூர்ப் பருப்பு எல்லாம் இங்கே அமோகமாக விளைகின்றன. ஆகஸ்டு மாதத்தில் பருப்புக்கென்றே ஒரு திருவிழா நடத்துகிறார்கள். மைசூர்ப் பருப்பில் ரகு வைத்த சாம்பாரை அன்று இரவு சாப்பிட்டேன். பருப்பின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

ரயிலில் படுக்கை வண்டி செய்து புகழ் பெற்ற ஜார்ஜ் புல்மனின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் ஸ்டேட் சர்வகலாசாலை 1892-ல் இங்கே கதவைத் திறந்தது. ஊரின் ஜனத்தொகை 2020-ஆம் வருஷக் கணக்குப்படி ஏறக்குறைய 33,000. சர்வகலாசாலையின் கால்பந்து ஸ்டேடியத்திலும் ஏறக்குறைய 33,000 பேர் உட்காரலாம். ஊரையே உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடலாம்!

நான் போன சமயத்தில், ஓட்டலிலும் பெட்ரோல் நிலையத்திலும் ஜனங்கள் இரண்டு மூன்று பேராக நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா ரகு, ஊரில் யாராவது பெரிய மனிதர் தவறிப் போய்விட்டாரா?" என்று கேட்டேன்.

"ஆள் யாரும் போகலை, மாமா. கான்பரன்ஸ் போயிடுத்து" என்றான்.

கான்பரன்ஸ் என்றதும் மாநாடு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். சில கலாசாலைகள் ஒன்று சேர்ந்து, "நாம் வருஷா வருஷம் நமக்குள்ளே பந்தயம் ஆடுவோம், டெலிவிஷன்காரர் கொடுக்கும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம்" என்று வைத்துக்கொள்ளும் கூட்டுக் குடும்பம் அது. அவர்களுடைய கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைக் கட்டிப் புரண்டு வீழ்த்துவதும்தான் ஆட்டம்.

பசிபிக் கரைக் கலாசாலைகளின் குடும்பம் 1915-ல் போர்ட்லண்டு நகரில் ஆரம்பமாயிற்று. புல்மன் 1917-ல் சேர்ந்தது. வரவர வளர்ந்து, 2011-ல் பன்னிரண்டு பேராகி, 'பாக்-12' என்று பெயர் பெற்றது. அப்புறம்தான் பாகப்பிரிவினை. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு கலாசாலைகளும் 'பிக் டென்' கூட்டுக்குப் போவதாக அறிவித்தன. அந்தக் கூட்டு அதே ஆகஸ்டில் டெலிவிஷன் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஏழு வருஷ ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பிற்று. ஆகஸ்டு 4-ஆம் தேதி, ஒரே நாளில் ஐந்து பேர் பெட்டி கட்டினார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் போயின.

போன இடங்களின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். 'பிக் டென்'னில் இருப்பவர்கள் பத்துப் பேரல்ல, பதினெட்டுப் பேர். ஸ்டான்போர்டு சேர்ந்ததோ 'அட்லாண்டிக் கரை' கான்பரன்ஸ். ஆனால் அது இருப்பது பசிபிக் கரையில்!

பன்னிரண்டு பேரில் மீதி இரண்டே பேர்: புல்மனும், ஆரிகன் மாகாணத்துக் கார்வாலிஸ் ஊரிலுள்ள ஆரிகன் ஸ்டேட்டும். இரண்டும் சிறிய ஊர்கள். விற்பதற்கு டெலிவிஷன் பெட்டிகள் அங்கே அதிகம் இல்லை. அந்த இரண்டு அநாதைகளுக்கும் மறுநாள் சனிக்கிழமை புல்மனில் பந்தயம்.

பந்தயத்துக்கு முன்னால் அங்கே ஒரு விருந்து உண்டு. காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அதையே சமையற்கட்டாக்கி, அடுப்பு மூட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். ரகு குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், எழுபத்தைந்து வயதுப் பருப்பு விவசாயி, எங்களை அழைத்திருந்தார். தகர டப்பாவில் அடைத்த கூகர் கோல்டு என்ற பாலாடைக்கட்டியைத் திறந்து வைத்தார். 1940-களிலிருந்து சர்வகலாசாலைப் பால்பண்ணையே செய்வது. கூகர் என்பது அந்த மலைகளில் திரியும் காட்டுப் பூனை ஜாதி. கோஷ்டியின் பெயரும் அதுதான்.

முகத்தில் கருஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்த ஒரு மாணவன் ஆரம்பித்தான்: "தோற்றதற்காகத் தள்ளினால் ஒப்புக்கொள்ளலாம், ஐயா. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பிக் டென் கோஷ்டியான விஸ்கான்ஸினை இதே மைதானத்தில் 31-22 என்று ஜெயித்தோம். ஜெயித்தும் இடமில்லை என்றால் எதற்காக ஆடுவது?"

"உனக்கு மானம் போகிறது, எனக்கு வாடகை போகிறது" என்றாள் விடுதி நடத்தும் ஓர் அம்மாள். "வருஷத்துக்கு ஆறேழு சனிக்கிழமைதான் என் அறைகள் எல்லாம் நிரம்புகின்றன. பெரிய கோஷ்டி வராவிட்டால், சியாட்டிலிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டிக்கொண்டு யார் வருவார்கள்?"

ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆரிகன் ஸ்டேட் ரசிகர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "எங்கள் ஸ்டேடியத்துக்கு 16 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்து இந்த மாதம்தான் திறந்தோம்" என்றார். பந்தல் போட்டு முடித்த அன்று சம்பந்தி வீட்டார் ஊரை விட்டுப் போன கதைதான்!

பெரியவருக்கு எல்லாரையும்விடச் சியாட்டில்காரர்கள் மேல்தான் கோபம். வாஷிங்டன் சர்வகலாசாலை அதே மாகாணத்தது, 1900-லிருந்து பங்காளி. அவர்களோடு ஆடும் 'ஆப்பிள் கப்' பந்தயம் அங்கே தீபாவளி மாதிரி.

"கலிபோர்னியாக்காரன் போனான், அவன் அந்நியன். இவன் கூடப் பிறந்தவன். இனிமேல் இவனோடு ஆடவே கூடாது!" என்று மேஜையைத் தட்டினார்.

"ஆடாவிட்டால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? நஷ்டம் நமக்குத்தான்" என்றாள் அவர் மனைவி. அந்த ஒரு கேள்வியில் பதினைந்து பேர் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பந்தயத்துக்கு நேரமாகாதிருந்தால் விவாதம் கைகலப்பில் முடிந்திருக்கும்.

ஆட்டம் பிரமாதம். கேம் வார்ட் என்ற இளைஞன் பந்தை எறிந்த நேர்த்தியைப் பார்க்க வேண்டும். கடைசியில் ஆரிகன் ஸ்டேட் துரத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் 38-35 என்று புல்மனுக்கே ஜெயம். ஆரஞ்சுச் சட்டைக்காரரும் பெரியவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரகு, "மாமா, மாஸ்கோவுக்குப் போய்க் காபி சாப்பிட்டுட்டு வரலாமா?" என்றான்.

ருஷ்யாவுக்கு அல்ல. புல்மனுக்குக் கிழக்கே 8 மைலில், ஐடஹோ மாகாணத்தில் மாஸ்கோ என்று ஓர் ஊர். அங்கே ஐடஹோ சர்வகலாசாலை இருக்கிறது. பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதையில் சைக்கிளில் போனோம்.

காபிக் கடையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஐடஹோவின் பழைய மாணவர். முதல் நாள் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னோம்.

"நாங்களும் அந்தக் குடும்பத்தில் இருந்தவர்கள்தான். 1922-லிருந்து 1959 வரை" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1959-ல் அந்தக் குடும்பம் ஒரு தடவை உடைந்ததாம். பெரிய கலாசாலைகள் தனிக்குடித்தனம் போயின. நான்கு பேர் தெருவில் நின்றார்கள். 1962-ல் புல்மனை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். 1964-ல் ஆரிகன் கலாசாலைகள் இரண்டையும் அழைத்தார்கள். ஐடஹோவை மட்டும் யாரும் அழைக்கவேயில்லை. அது ஏறி இறங்கித் தடுமாறி, 2018-ல் முதல் படியிலிருந்து தானாகவே கீழ்ப் படிக்கு இறங்கிற்று. அப்படித் தானாக இறங்கிய முதல் கலாசாலை அதுதான்.

"அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு" என்று அவர் தொடர்ந்தார். "தோற்ற கலாசாலையின் மாணவர்கள் ஜெயித்தவர்கள் ஊருக்கு நடந்து போக வேண்டும். பெரும்பாலும் நாங்கள்தான் நடப்போம். 1954-ல் நாங்கள் ஜெயித்தோம். 29 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த வெற்றி! புல்மனிலிருந்து 2,000 பேர் நடந்து வந்தார்கள். 1968-க்கு அப்புறம் அந்த வழக்கம் நின்றது. பிறகு வருஷம் தவறாமல் ஆடுவதும் நின்றது. எப்போதாவது கூப்பிட்டால் போவோம்."

"கீழ்ப் படிக்கு இறங்கியதில் வருத்தமில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாமல் என்ன? என் தம்பி அன்று நிறுத்தியவன், இன்னும் மைதானத்துக்கு வருவதில்லை. நான் போகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆடுவதைப் பார்க்கிறேன். போன வருஷம் எங்கள் படியில் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்கும் தேறினோம்." சற்று நிறுத்தி, காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சியாட்டில்காரர்கள் ஆடாவிட்டால் என்ன ஆவது என்று புல்மனில் கவலைப்படுகிறார்களாமே? அந்தக் கவலை எங்கள் ஊரில் அறுபது வருஷத்துப் பழசு."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் திரும்பும் வழியில் நானும் ரகுவும் அதிகம் பேசவில்லை.

அன்று மாலை ரகு இதைப் பெரியவரிடம் சொன்னான். அவர் வெகு நேரம் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்களைச் சேர்த்துக்கொண்டபோது நான் பையன். ஊரெல்லாம் கொண்டாடினோம். யாரும் கிழக்கே திரும்பிப் பார்க்கவில்லை, தம்பி" என்றார். புறப்படும்போது என் கையில் ஒரு டப்பா பாலாடைக்கட்டியைக் கொடுத்தார். "குளிரில் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது, ருசிதான் கூடும். எங்களுக்கு ஒரு வழி பிறந்த பிறகு திறவுங்கள்."

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில், புல்மனுக்கு அருகேயுள்ள கோல்ஃபாக்ஸ் ஊர்க் கோர்ட்டில், குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை மிஞ்சிய இருவருக்கே என்று நீதிபதி சொன்னார். மாகாணத்தின் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிடவில்லை. ஆப்பிள் கப்பை 2028 வரை ஆடுவதென்றும் அதே மாதம் முடிவாயிற்று. பெரியவரின் மனைவி கட்சிக்கு வெற்றி! 2024-ல் சியாட்டிலில் புல்மன் 24-19 என்று ஜெயித்தது. 2025-ல் சொந்த மண்ணிலேயே 59-24 என்று தோற்றது. கேம் வார்ட் மயாமிக்குப் போய்விட்டான். 2025-ல் தொழில்முறைக் கோஷ்டிகள் ஆள் எடுத்தபோது அவனைத்தான் முதலாவதாக எடுத்தார்கள்.

இரண்டு பேர் மட்டுமே இருந்த கான்பரன்ஸ் இரண்டு பருவம் தள்ளிற்று. பிறகு பாய்ஸி ஸ்டேட், பிரெஸ்னோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் முதலிய புது உறவுகள் சேரச் சம்மதித்தன. 2026 ஜூலையைக் கிருகப்பிரவேச மாதமாகக் குறித்தார்கள். அவர்களில் யாரும் பழைய பணக்காரர்கள் அல்ல.

2025 ஆகஸ்டு 30-ஆம் தேதி புல்மனில் பருவத்தின் முதல் பந்தயம். எதிர்க் கோஷ்டி யார் தெரியுமா? ஐடஹோ! மறுவாரம் ரகுவிடமிருந்து கடிதம் வந்தது.

"மாமா, ஆட்டம் முடியற நேரத்துல உதைச்ச உதையிலே 13-10-னு தப்பிச்சோம். பெரியவர் அன்னிக்கு நடக்கிற பூட்ஸைப் போட்டுண்டு வந்திருந்தார். தோத்தா மாஸ்கோவுக்கு நடந்தே போறதா வீட்டிலே சொல்லிட்டு வந்தாராம். ஜெயிச்சும் அவர் பூட்ஸைக் கழட்டலை. 'அவங்களே இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, திரும்பக் கொண்டுபோய் விட்டுட்டு வரலாம்'னு என்னையும் இழுத்துண்டு கிளம்பிட்டார். பாதி வழியிலே முழங்கால் மக்கர் பண்ணி, கடைசியிலே ஐடஹோக்காரர் ஒருத்தர்தான் எங்களைக் காரிலே ஏத்திண்டு புல்மன்ல கொண்டுவந்து விட்டார்."

கடிதத்தைப் படித்துவிட்டு, டப்பாவை எடுத்து வரச் சொன்னேன்.

"இரண்டு வருஷமா ஐஸ் பெட்டியிலே இடத்தை அடைச்சிண்டிருக்கு, இன்னிக்காவது திறக்கிறேளே!" என்றாள் என் மனைவி. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "பரவாயில்லை. கொஞ்சம் உப்புதான் ஜாஸ்தி" என்றாள்.