அம்மாவுக்கு மாத்திரையா, நடையா?

முதல்லயே சொல்லிடுறேன், இது மொக்கைப் பதிவு இல்லை. மாதவிலக்கு நின்ன பிறகு பெண்களுக்கு வர்ற இதய நோய் பத்தினது. ஆம்பளைங்களும் படிக்கலாம், உங்க வீட்டுலயும் அம்மா இருக்காங்கல்ல :-)

எங்க ஊர் வாலிகண்டபுரம். அங்கே நெஞ்சுவலின்னா அது ஆம்பளைங்க சமாச்சாரம். பொம்பளைக்கு வந்தா 'வாயு'. ஓமத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்கணும். ஆனா மாதவிலக்கு நிக்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறையுது. கெட்ட கொழுப்பு ஏறுது, வயித்தைச் சுத்திச் சதை போடுது, ரத்தக்குழாய் விறைக்குது. மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு மூச்சிரைப்பு, முதுகுவலி, குமட்டல்னு மாறுவேஷத்துல வரும்.

அம்மாவுக்கு 52. சொந்தக்கார அத்தை ஒருத்தர் போன்ல, "ஹார்மோன் மாத்திரை போட்டுக்கோ, இதயத்துக்கு நல்லது"ன்னு சொல்லியிருக்காங்க. அம்மா என்கிட்ட, "நெட்ல பாத்துச் சொல்லுடா"ன்னாங்க. நாலு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

அத்தை சொன்னது புரளி இல்லை, பழைய செய்தி. குறையுற ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தா இதயம் தப்பிக்கும்னு 1990கள் வரைக்கும் டாக்டர்கள் பலரும் நம்பினாங்க. மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு மாரடைப்பு குறைவுன்னு கணக்கெடுப்புகள் காட்டுச்சு. ஆனா அவங்க பெரும்பாலும் வசதியானவங்க, உடம்பைப் பாத்துக்கிறவங்க. நல்லது செஞ்சது மாத்திரையா, வசதியா?

அதைத் தெரிஞ்சுக்க அமெரிக்காவுல 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வுல 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு வெத்து மாத்திரை. 2002 ஜூலையில பாதியிலேயே நிறுத்திட்டாங்க. வருஷத்துக்கு 10,000 பேர்ல இதய நோய் பாதிப்பு 30க்குப் பதிலா 37. பக்கவாதம் 21க்குப் பதிலா 29. மார்பகப் புற்றுநோயும் கூடுச்சு. இடுப்பெலும்பு முறிவு குறைஞ்சதும் உண்மை.

அதுக்காக ஹார்மோன்னாலே விஷம்னு ஓடவும் வேண்டாம். அந்த ஆய்வுல சராசரி வயசு 63. மாதவிலக்கு நின்னு பத்து வருஷத்துக்குள்ள இருக்கிற, வேற சிக்கல் இல்லாத பெண்களுக்கு ஆபத்து குறைவு. உடம்பு தகதகன்னு எரிஞ்சு, ராத்திரி வேர்த்துத் தூக்கம் கெடுறவங்களுக்கு இன்னைக்கும் அதுதான் நல்ல மருந்து. டாக்டர் பாத்துக் கொடுக்கணும். இதயத்தைக் காப்பாத்த மட்டும்னு அதை எடுத்துக்க வேண்டாம்.

அப்போ இதயத்துக்கு? 1999ல வெளிவந்த ஆய்வு ஒண்ணுல 72,488 நர்ஸ்களைப் பாத்தாங்க. வாரத்துக்கு மூணு மணி நேரமாவது வேகமா நடந்தவங்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் மூணுல ஒரு பங்கு குறைவு. இதுவும் குலுக்கல் ஆய்வு இல்லைதான், மாத்திரைக்குக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேக்கலாம். ஆனா ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நடை குறைக்குதுன்னு குலுக்கல் ஆய்வுகளே காட்டியிருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம்.

அம்மா கேட்டாங்க: "காட்டுல களை வெட்டுறேனே, அது கணக்குல வராதா?" வரும்மா, மூச்சு வாங்குற அளவுக்கு இருந்தா வரும். ஆனா மழை இல்லாத மாசங்கள்ல காட்டுல என்ன வேலை? திண்ணையும் டிவியும்தான்.

உண்மையான தடை வேற. "வேலைவெட்டி இல்லாம ரோட்டுல நடக்குறா பாரு"ங்கிற பேச்சு. திருச்சி-சென்னை நெடுஞ்சாலைப் பக்கம் போனா லாரி பயம். 2002 ஆய்வு எதுலயும் இந்த ரெண்டுக்கும் மருந்து இல்லை. அம்மாவே வழி கண்டுபிடிச்சாங்க. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் சித்தியையும் சேத்துக்கிட்டு, விடிஞ்சதும் வாலீஸ்வரர் கோயில் பக்கம் மூணு பேரா போறாங்க. கோயிலுக்குப் போறவங்களை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம்!

பிரஷர், சுகர், கொழுப்பு மூணும் பாத்தாச்சு. பிரஷர் கொஞ்சம் அதிகம், அதுக்கு மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. நடக்குறோம்னு அதை நிறுத்தக்கூடாதுன்னு தினமும் போன்ல நச்சரிக்கிறது என் வேலை.

உங்க ஊர்ல அம்மாக்கள் நடக்க இடம் இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.