தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முன்னோர் மொழி. வழக்குத் தீர்ப்போர்க்கே உரியதெனக் கருதப்பெறும் இம்முதுமொழி, விமானத்தைத் தரையிறக்கும் விமானிக்கும் முற்றும் பொருந்துவதாகும்.

மேகத்தினுள் புகுந்த விமானிக்கு அடிவானம் தெரியாது. சாய்ந்து செல்லும் விமானம் நேராகச் செல்வதாகவே அவருடைய உடல் உணர்த்தும். இம்மயக்கத்தில் துணைநிற்பதே ஐ.எல்.எஸ். எனப்பெறும் கருவிவழித் தரையிறக்க முறை. ஓடுபாதையருகிலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் எழுகின்றன. ஒன்று, விமானம் நடுக்கோட்டிற்கு இடப்புறம் உள்ளதா வலப்புறம் உள்ளதா என்பதைக் காட்டும். மற்றொன்று, ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்கும் வழியைக் காட்டும். அச்சரிவில் ஒரு கடல் மைலுக்கு 300 அடிக்குச் சற்று மிகுதியாக உயரம் குறையும். இக்கணக்கை உயரமானியோடு ஒப்புநோக்கியவாறே விமானி இறங்குதல் வேண்டும். முதல் வகை அணுகலில் பொதுவாக 200 அடி வரை இறங்கலாம். அவ்வுயரத்திலும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தென்படாவிடில், தயங்காது மேலெழுதல் வேண்டும். அது தோல்வியன்று, கடமையே ஆகும்.

காதும் ஏமாற்றும் என்பதற்குச் சுபாங் நிகழ்ச்சி சான்றாகும். 1989 பிப்ரவரி 19 அதிகாலையில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம், சரிவைக் காட்டும் கற்றை இல்லாத எளிய வானொலி வழிகாட்டி முறையில் சுபாங்கை அணுகியது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டு நிலையம் ஆங்கிலத்தில் பணித்தது. 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்பதில் முதலில் நின்ற 'டூ', இரண்டு என்னும் எண். அவ்வொலியே ஆங்கிலத்தில் நம் நான்காம் வேற்றுமை உருபின் பொருளையும் தரும். விமானி '400 அடிக்கு' எனக் கொண்டு, 400 என்றே திருப்பிச் சொன்னார். அப்பிழையை எவரும் திருத்தவில்லை. தரை நெருங்குவதை அறிவித்த கருவியின் எச்சரிக்கையும் பொருட்படுத்தப்படவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் குன்றொன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர்.

எண்ணொன்று உருபாக மயங்கியதன் விலை நான்கு உயிர்கள்! கேட்டதை முழுமையாகத் திருப்பிச் சொல்வதும், சொன்னதைச் செவிமடுத்துத் திருத்துவதும் வகுப்பறையில் நாள்தோறும் நிகழ்பவை. சொல்வதெழுதலில் ஓரெழுத்துப் பிழையையும் விடாது சுட்டும் ஆசிரியரை மாணவர் கடிந்துகொள்ளலாம். ஆயினும், ஐயம் எழுந்தவிடத்து நின்று கேட்கும் அப்பழக்கமே வானில் உயிர்காக்கும் துணையாகின்றது.