பழஞ்சோறும் குளிசையும்

கிளிவெட்டியிலே எங்கள் வீட்டுக் காலையுணவு பழஞ்சோறுதான். இரவு எஞ்சிய சிவப்பரிசிச் சோற்றிலே நீரூற்றி மண்சட்டியில் மூடிவைப்பார் அம்மா. விடிந்ததும் எருமைத்தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து தருவார். அதனை உண்டுதான் அப்பா வயலுக்குப் போவார். நான் பள்ளிக்கூடம் போவேன்.

பின்னர் கொழும்பிலே உத்தியோகம். பாணும் கடைச் சாப்பாடுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் வயிற்றுவலியோடு இரத்தமும் போயிற்று. பெருங்குடலில் நாட்பட்ட அழற்சி என்றார் வைத்தியர்.

"பாண்தான் காரணமோ, ஐயா?" என்றேன்.

"ஒன்றின் மீது மட்டும் பழி போட இயலாது, பரம்பரைக்கும் இதிற் பங்குண்டு" என்றவர், குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கினார். நமக்குச் சீரணிக்காத நார்ப்பொருளை அவை புளிக்கவைத்துப் பியூட்டிரேட் போன்ற அமிலங்களை ஆக்குகின்றன. பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு அதுவே பிரதான எரிபொருள். அழற்சியைத் தணிப்பதும் அதுவே. இந்நோயாளரின் குடலில் அந்நுண்ணுயிர்கள் குறைந்திருக்கக் காண்கிறார்களாம்.

குளிசைகளால் நோய் அடங்கிற்று. அப்போது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பற்றி வாசித்தேன். 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 10 வாரங்கள் தயிர் முதலிய புளித்த உணவுகளை மிகுதியாகக் கொடுத்தனர். அவர்களின் குடல் நுண்ணுயிர்கள் பல்வகையாய்ப் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு ஓடிவந்தேன், குளிசைகளைப் பெட்டியிலே பூட்டினேன், பழஞ்சோறே மருந்தென்றிருந்தேன்.

இரண்டு மாதத்தில் மீண்டும் இரத்தம் போயிற்று.

"என்ட சோத்தாலயா மகன் இப்பிடி வந்தது?" என்று அம்மா அழுதார். நோயினும் அக்கேள்வியே என்னை அதிகம் வருத்திற்று.

வைத்தியர் கடிந்துகொண்டார். "அந்த ஆய்விற் பங்குபற்றியோர் நோயற்றவர்கள். உணவு குடலைப் பேணலாம். ஆனால் பற்றிய தீயை அணைப்பது மருந்து. சோறு குற்றஞ் செய்யவில்லை. குளிசையை நிறுத்தியதே குற்றம்."

நோய் தணிந்தபின், அவர் அனுமதியோடு பழஞ்சோறும் தயிரும் மீண்டும் என் கலத்துக்கு வந்தன; குளிசையும் உடனிருக்கிறது. நாட்பட்ட நோயுடையோர் எவரும் என்னைப்போல் அவசரப்படலாகாது.

இப்போது தொலைபேசியில் அம்மா முதலிற் கேட்பது, "குளிசை போட்டியா மகன்?" என்பதையே. என்ன சாப்பிட்டேன் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பார்.