பள்ளியும் இசையும்

வேல்ஸ் நாட்டில் பாரி என்னும் துறைமுக நகரில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் கிரேஸ் வில்லியம்ஸ் அம்மையார். இலண்டனில் வாகன் வில்லியம்ஸிடமும் வியன்னாவில் எகான் வெல்லஸிடமும் இசை இயற்றக் கற்றார். கலை கைவந்ததேனும், அஃதொன்றே பிழைப்புக்குப் போதாது. ஆதலின் இலண்டனில் பெண்கள் பள்ளியொன்றில் இசையாசிரியர் ஆனார். பகற்பொழுது மாணவியர்க்கு; எஞ்சிய சிறுபொழுதே தம் இசைக்கு. போர்க்காலத்தில் பள்ளி வெளியூருக்குப் பெயர்ந்தபோது தாமும் உடன் சென்றார். ஊரைப் பிரிந்திருந்த அந்நாளில், 1944-இல், நரம்புக் கருவிகளுக்கென அவர் இயற்றியது ‘கடற்சித்திரங்கள்’. கரையில் நின்று கேட்டதினும், பிரிந்திருந்து நினைத்தபோது கடல் அவர்க்கு அணுகி ஒலித்தது போலும்! போருக்குப்பின் பள்ளிப் பணியை விட்டுப் பாரிக்கே மீண்டார். 1955-இல் வேல்ஸ் இளைஞர் இசைக்குழுவுக்கெனப் ‘பெனில்லியன்’ இயற்றினார். யாழ் ஒரு மெட்டில் ஒலிக்க, பாடுவோர் வேறொரு மெட்டில் பாடும் பழைய வேல்ஸ் மரபைத் தழுவியது அது.