இழை விட்ட புடவை

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது அவர் முன்னாலிருந்த உடனடிப் பிரச்னை சுயராஜ்யம் அல்ல, மழை. அன்றைய சேலம் ஜில்லாவின் அந்த மேட்டுப் பூமி வானம் பார்த்தது, வானமோ பொய்த்திருந்தது. ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் குடிசைகள் எழும்பின. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் ராட்டையில் நூற்று வந்த நூலை எடை போட்டுக் கூலி கொடுத்தார்கள். நூல் துணியாகி, ஊர் ஊராக விற்பனைக்குப் போயிற்று. வாங்கிய தேசபக்தருக்கு அது கொள்கை. நூற்றவளுக்கு அன்றைய கஞ்சி. (கல்கி அங்கிருந்து 'விமோசனம்' பத்திரிகையில் வேலை பார்த்ததை விடாமல் சொல்லும் நம் இலக்கியச் சரித்திரக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.)

கதர் என்றதும் நம்மைப் போன்றவர்கள் சிலாகிப்பது அதன் திட்டுத் திட்டான நூலை. 'கையின் சுவடு' என்போம். ஆனால் ராட்டைக்காரிக்குக் கூலி நிர்ணயமானதே நூலின் நம்பரையும் சீரையும் உறுதியையும் வைத்துத்தான். திட்டு அவளுக்கு நஷ்டம். அவள் விரல்கள் பாடுபட்டது அந்தச் சுவடு தெரியாமலிருக்க. காந்தியின் வற்புறுத்தலால் 1935இல் அகில பாரத சர்க்கா சங்கம் நூற்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று முடிவு செய்தபோது கதர் விலை ஏறிற்று. நம் ரசனை எத்தனை அணாவரை தாங்கும் என்பதற்கு அது ஒரு சோதனை.

2020 ஆகஸ்டில் எங்கள் வங்கிக் கிளைக்கு, கவுன்ட்டர் மூடிய பிறகு, ஒரு நெசவாளர் பையோடு வந்தார். எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர். ஊரடங்கில் முதலாளி பாவு கொடுப்பதை நிறுத்திவிட, கையிருப்பு நூலில் தானே நெய்த எட்டுப் பருத்திப் புடவைகள். (அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மத்திய அரசு கலைத்தது அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஜூலை 27இல். வாரியம் இருந்தபோது அவர் அதைக் கேள்விப்பட்டிருந்தாரா என்பது வேறு விஷயம்.)

"பவர்லூம் இல்லேன்னு எப்படி நம்பறது?" என்றார் உடன் வேலை பார்க்கும் அம்மாள். அவர் கரையோரத்து ஊசித் துளைகளைக் காட்டினார். தறியில் துணியை அகலத்துக்கு விறைப்பாகப் பிடிக்கும் கம்பின் தடம். அந்த அம்மாளுக்கு அது போதவில்லை. புரட்டிக்கொண்டே வந்தவர் முந்தானைப் பக்கம் இழை விட்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. "இதுதான் வேணும். குறை இருந்தாத்தானே கைத்தறி!"

"அது வேண்டாங்கம்மா. ஊட்டுக்குன்னு ஒதுக்கி வெச்சது, தவறி வந்துருச்சு. எங்கப்பா காலத்துல இதுக்குச் சங்கத்துல கூலியப் புடிச்சிருவாங்க."

அம்மாள் விடவில்லை. முழு விலை கொடுத்தார். நெசவாளர் ஐம்பது ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்தார். "ஐயோ, அழகே அதுதானுங்க" என்று அம்மாள் திருப்பித் தள்ள, அவர் தொடாமல் பையைக் கட்டினார். உதவியும் ரசனையும் சேர்ந்து ஒரு மனிதனின் தொழில் மானத்தை இவ்வளவு சுமுகமாக மிதித்துப் போவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மாளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு எட்டும் விற்றது, அரிசி வாங்கியிருப்பார். வாங்காமல் உபதேசம் செய்பவர்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

என் சந்தேகம் என்னுடைய இன்னொரு தொழிலைப் பற்றியது. உழைப்பாளி ஒருவர் கவிதைத் தொகுதி கொண்டுவந்தால் நம் மதிப்புரைகளில் 'கரடுமுரடு', 'பச்சை மண்ணின் வாசனை' என்ற வார்த்தைகள் தாமாக வந்து விழுகின்றன. ஒரு வரியின் சீருக்காக அந்த ஆள் எத்தனை இரவு உட்கார்ந்தார் என்று நாம் பார்ப்பதில்லை. இழை விட்ட இடத்தைத் தடவிப் பார்த்துப் பூரிக்கிறோம். நன்றாக நெய்த பகுதி கண்ணில் பட்டால், இது பவர்லூமோ என்று நமக்குச் சந்தேகம்.

சேலம் ஜவுளிக்கடைகளில் இப்போது திட்டுத் திட்டான நூலில் நெய்த சட்டைத்துணி கிடைக்கிறது. 'ஸ்லப்' என்று பெயர். எத்தனை அங்குலத்துக்கு ஒரு திட்டு என்பதை மில்லிலேயே இயந்திரத்தில் வைத்துவிடுகிறார்கள்.